யோஷிதோஷியின் ‘யூகாவோ’ அச்சுப்படம்: இது கதையில் எந்த இடம்?

தூறல் | திங்கள், இரவு 10.12

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானிய மரக்கட்டை அச்சு. வரைந்தவர் ட்சுகியோகா யோஷிதோஷி. 1885 முதல் 1892 வரை வெளிவந்த அவருடைய ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ வரிசையில் ஒன்று, 1886இல் அச்சானது. தலைப்பு ‘கென்ஜி: யூகாவோ அத்தியாயம்’.

படத்தில் முழுநிலா. ஒரு கொடி, பெரிய பெரிய இலைகள், அங்கங்கே வெள்ளைப் பூ. கொடிக்கு நடுவே ஒரு பெண் போகிறாள். கூந்தல் நீளமாக இறங்குகிறது. ஆடை வழியாக இலை தெரிகிறது. கீழே வரவர உருவம் கரைந்து, பாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் உயிரோடு இல்லை என்று பார்த்த உடனே புரிகிறது. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. நம் வீட்டுக் கொல்லையில் யாரோ தெரிந்தவர் தனியாக நடப்பதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் நிற்பது போல ஓர் உணர்வு.

தலைப்பில் அத்தியாயத்தின் பெயர் இருக்கிறதே என்று, ஜப்பானின் பழைய நாவலான ‘கென்ஜியின் கதை’யில் அந்த நான்காம் அத்தியாயத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு முறை படித்தேன். இந்தக் காட்சி எனக்கு அகப்படவில்லை. யூகாவோ என்ற அந்தப் பெண் ஏழைத் தெரு வீட்டில் உயிரோடு இருக்கிறாள், பிறகு பாழடைந்த மாளிகையில் இருட்டில் சாகிறாள். நிலவொளியில் கொடிகளுக்கு இடையே அவளுடைய ஆவி நடக்கும் இடம் எங்கே? நான் எதையாவது விட்டுவிட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நோட்டுப்புத்தகம் | திங்கள், இரவு 11.03

நல்ல கேள்வி. கதை தெரியாதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது, 54 அத்தியாயங்கள். நான்காவதில் நாயகன் கென்ஜிக்கு வயது 17. நோயில் கிடக்கும் தன் பழைய செவிலித்தாயைப் பார்க்க ஐந்தாம் வீதிப் பக்கம் போகிறான். கதவு திறக்கக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டு வேலியில் ஒரு வெள்ளைப் பூ கண்ணில் படுகிறது. என்ன பூ என்று கேட்கிறான். காவலாள் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அதன் பெயர் யூகாவோ, அதாவது மாலைமுகம். பெயரைக் கேட்டால் மனிதர் பெயர்போல இருக்கிறது, ஆனால் இப்படிப்பட்ட ஏழை வேலிகளில்தான் பூக்கும் என்கிறான். ‘பாவம், அதன் விதி. ஒன்று பறித்து வா’ என்கிறான் கென்ஜி. உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து, வாசனை ஏற்றிய வெள்ளை விசிறியை நீட்டி, பூவை இதில் வைத்துக் கொடுங்கள் என்கிறாள். விசிறியில் ஒரு கவிதை.

ஊகித்துச் சொல்கிறேன், அவரேதானோ?
வெண்பனியின் ஒளி கூடிய
மாலைமுகப் பூ.

அதன்பின் அவன் அங்கே போகத் தொடங்குகிறான். தான் யார் என்று சொல்வதில்லை, முகத்தையும் மறைத்துக்கொள்கிறான். அவளும் தன் பெயரைச் சொல்வதில்லை. நாம் அவளை யூகாவோ என்று கூப்பிடுவதே அந்தப் பூவை வைத்துத்தான். எட்டாம் மாதப் பௌர்ணமி இரவை அவள் வீட்டில் கழிக்கிறான். பலகைக் கூரையின் இடுக்கு வழியாக நிலவொளி உள்ளே விழுகிறது, பக்கத்து வீட்டு ஆட்கள் விடியுமுன் எழுந்து பிழைப்பைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது. விடியற்காலை அவளை ஆளில்லாத ஒரு மாளிகைக்கு அழைத்துப்போகிறான். அன்றிரவு தலைமாட்டில் ஓர் அழகிய பெண் வந்து குறைசொல்வதுபோல் கனவு. விழித்தால் விளக்கு அணைந்திருக்கிறது. யூகாவோ நடுங்குகிறாள், கொஞ்ச நேரத்தில் உடல் சில்லிட்டுப்போகிறது. வயது 19.

தூறல், நீங்கள் எதையும் விடவில்லை. அந்த அத்தியாயத்தில் அவள் ஆவியாகத் தோட்டத்தில் உலவும் இடம் கிடையாது.

பச்சைக்கொடி | செவ்வாய், காலை 6.40

நான் ஓவியம் தெரிந்தவள் இல்லை, காய்கறித் தோட்டம் போடுகிறவள். படத்தைத் தேடிப் பார்த்தேன். அது நம் சுரைக்கொடிதானே! இலையின் அகலம், பூவின் வெண்மை, சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி எல்லாம் அப்படியே இருக்கிறது. பூசணிப் பூவும் பீர்க்கம்பூவும் மஞ்சள். சுரைப்பூ வெள்ளை, அதுவும் பொழுது சாயும்போது விரிந்து இரவெல்லாம் அந்துப்பூச்சிக்காகக் காத்திருந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். கூரைமேல் ஏற்றிவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூரையே வெள்ளைப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும்.

ஆங்கிலத்தில் இதை நிலாப்பூ என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியா?

நோட்டுப்புத்தகம் | செவ்வாய், காலை 8.15

நானும் இதுவரை நிலாப்பூ என்றுதான் நினைத்திருந்தேன், அக்கா. வெள்ளையாக, வட்டமாக, இரவில் பூக்கும் அந்தக் கொடி. நிலவு வரிசைப் படத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கிறதே.

அல்லி | செவ்வாய், காலை 9.50

பச்சைக்கொடி சொன்னதுதான் சரி. நிலாப்பூ என்பது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில், மெய்ஜி காலத்தில். முரசாகி அதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

இதற்கு அந்தக் காலத்துச் சாட்சியே இருக்கிறது. முரசாகியின் சமகாலத்தவரான சேய் ஷோனகன், மற்றோர் அரசியிடம் பணியாற்றியவர், தன் குறிப்புநூலில் செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வரும்போது யூகாவோவையும் சொல்கிறார். பூ, காலைமுகம் என்ற இன்னொரு பூவைப் போல அழகு, இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லவும் இனிமை. ஆனால் அந்தக் காய் இருக்கிறதே, அதன் உருவம்தான் வருத்தம் தருகிறது என்கிறார். நிலாப்பூவுக்கு இப்படிக் குறைசொல்லும் அளவுக்குக் காய் ஏது? சுரைக்காயைத்தான் சொல்கிறார். இன்றும் ஜப்பானில் யூகாவோ காயை நீள நாடாவாகச் சீவிக் காயவைத்து, ஊறவைத்து, சுஷிக்குள் வைக்கிறார்கள். தோச்சிகி மாவட்டம் அதற்குப் பேர்போனது.

இந்த விஷயம் படத்துக்கும் முக்கியம் என்று நினைக்கிறேன். நிலாப்பூ என்றால் அது ஒரு மாளிகைத் தோட்டத்து அலங்காரமாகிவிடும். சுரை என்றால் சமையலுக்கு வைத்த கொடி, ஏழை வேலி. காவலாள் சொன்ன ‘ஏழை வேலி’ அப்போதுதான் காதில் உறைக்கிறது.

தூறல் | செவ்வாய், மதியம் 1.20

அல்லி, இதைப் படித்த பிறகு படமே மாறிவிட்டது எனக்கு. இவ்வளவு நாள் அதை ஒரு ‘கவிதைப் பூ’ என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை கூட்டு வைக்கிற காயின் பூ என்று தெரிந்ததும் அந்தப் பெண் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டாள்.

சரி, அடுத்த சந்தேகம். உடல் வழியாக இலை தெரிகிற அந்த ஒளிபுகும் தன்மை. நீர்வண்ணத்தில் என்றால் புரிகிறது. மரக்கட்டையில் எப்படிச் செய்தார்கள்?

மரச்செதுக்கு | செவ்வாய், இரவு 9.05

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். யோஷிதோஷி கட்டையைச் செதுக்கவில்லை, அச்சும் போடவில்லை. அவர் வரைந்தார். செதுக்குபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர், பணம் போட்டு எல்லாரையும் சேர்த்து நடத்தும் பதிப்பாளர் ஒருவர். இந்த வரிசைக்குப் பதிப்பாளர் அகியாமா புஎமோன். நாலு பேரும் சேர்ந்தால்தான் படம். ஓவியர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுச்சித்திரம் தருவார். அந்தத் தாளைக் காட்டுச் செர்ரிமரக் கட்டையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார்கள். கோடு மேடாக நிற்கும், மற்ற இடமெல்லாம் பள்ளம். அதாவது ஓவியரின் மூலச்சித்திரம் அந்த நிமிடமே அழிந்துவிடும். பிறகு அந்தக் கோட்டுக் கட்டையில் சில தாள் எடுத்து, எந்த நிறம் எங்கே என்று குறித்து, நிறத்துக்கு ஒரு கட்டை வெட்டுவார்கள். ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் ஒரு ‘ட’ வடிவப் பள்ளம், ஓரத்தில் ஒரு நேர்ப்பள்ளம். ஈரமாக்கிய தாளின் மூலையை அதில் பொருத்தி வைத்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழும். மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் தேய்ப்பார்கள். அச்சு எந்திரம் கிடையாது, கை மட்டும்தான். பலநிற அச்சு 1765 வாக்கில் சுசுகி ஹரனொபுவின் காலத்தில் நிலைபெற்றது. யோஷிதோஷிக்கு வருவதற்குள் இந்தக் கைகளுக்கு 120 ஆண்டுப் பழக்கம்.

இப்போது அந்த ஆவி. சாதாரணமாக மனித உருவத்துக்கு அழுத்தமான கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடுதான் ‘இது திடமான உடம்பு’ என்று நம் கண்ணிடம் சொல்கிறது. இங்கே அவளுக்கு வெளிறிய கோடு. அவள் ஆடைக்கும் இலைக்கும் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: இலையின் கோடு ஆடையைக் கண்டு நிற்காமல் உள்ளே நுழைந்து போகிறது. ஒரு உருவம் இன்னொன்றை மறைக்கவில்லை என்றால் கண் தானாகவே அதை ஒளிபுகும் பொருள் என்று எடுத்துக்கொள்ளும். கீழே கரைவது வேறு வேலை. கட்டையை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் தோய்த்து இழுத்தால் நிறம் அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாததற்கு இறங்கும். பொகஷி என்பார்கள். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறாக வரும். அதனால் இரண்டு அருங்காட்சியகத் தாள்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் அவள் சற்று அதிகமாக இருப்பாள், இன்னொன்றில் சற்றுக் குறைவாக.

இப்படிப்பட்ட அச்சுகளில் நிலா பெரும்பாலும் நிறமே படாத வெற்றுத்தாள். சுற்றிலும் வானத்தை அடித்துவிட்டு நிலவை விட்டுவிடுவார்கள். ஒளிக்கு மை கிடையாது, தாள்தான் ஒளி.

பாதம் இல்லாமல் ஆவியை வரைவது 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மருயாமா ஓக்யோவிடமிருந்து வந்த வழக்கம் என்று சொல்லப்படுகிறது.

தூறல் | செவ்வாய், இரவு 9.48

‘தாள்தான் ஒளி.’ இதற்காகவே இந்த இழை போதும் எனக்கு. நன்றி, ஐயா.

நோட்டுப்புத்தகம் | செவ்வாய், இரவு 10.30

யோஷிதோஷி என்றாலே எனக்கு ரத்தப் படங்கள்தான் ஞாபகம் வரும். 1860களில் அவர் செய்த கொலைக் காட்சி வரிசையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதே கை இந்த மென்மையைச் செய்தது என்பதை ஏற்கவே கஷ்டமாக இருக்கிறது.

மரச்செதுக்கு | செவ்வாய், இரவு 11.15

அந்தப் படங்கள் வந்த காலத்தையும் பாருங்கள். அவர் பிறந்தது 1839, எதோவில், அதாவது இன்றைய டோக்கியோவில். சிறுவயதிலேயே குனியோஷி என்ற அச்சு ஓவியரிடம் மாணவர். 1861இல் குரு இறந்துபோகிறார். அடுத்த சில ஆண்டுகளில் ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி கவிழ்கிறது, தெருவிலேயே வாள்சண்டை. 1868இல் எதோவில் உஎனோ குன்றில் நடந்த போரின் பிணங்களை அவர் நேரில் பார்த்து வரைந்தார் என்பார்கள். 1870களின் தொடக்கத்தில் வறுமை, மனநோய், வேலை இல்லை. மீண்டெழுந்தபோது தனக்கு ‘தைசோ’ என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார். பெரும் மீட்சி என்று பொருள். நிலவு வரிசை அதற்குப் பின்னால் வந்தது. 1892இல் அவர் இறந்த ஆண்டில்தான் அதுவும் முடிந்தது. மென்மை எங்கிருந்தோ திடீரென்று வரவில்லை. ரத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர், ஒரு சாவை ரத்தமே இல்லாமல் வரைய முடிவு செய்திருக்கிறார்.

வழிப்போக்கன் | புதன், காலை 7.30

கியோட்டோவில் மூன்று ஆண்டு வேலை பார்த்தேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே ஷிமோக்யோ பகுதியில் ‘யூகாவோ-சோ’ என்றே ஒரு சின்னத் தெருப்பகுதி இருக்கிறது. ஒரு வீட்டின் முன்னால் கல் நட்டிருக்கிறார்கள், ‘யூகாவோவின் சமாதி’ என்று. கதையில் வரும் பெண்! ஒரு நாவலாசிரியர் கற்பனையில் பிறந்து 19 வயதில் செத்தவளுக்குச் சமாதிக்கல். கல்லிலேயே ‘கென்ஜி கதை சார்ந்த மரபு’ என்று நேர்மையாகப் பொறித்தும் இருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியாது, தனியார் வீடு. நான் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னொன்று. இன்றைய ஐந்தாம் வீதியில் தேடினால் கதையின் ஐந்தாம் வீதி கிடைக்காது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்போதைய ஆட்சியாளர் ஹிதேயோஷி அந்த வீதியின் பாலத்தை இடம் மாற்றியபோது பெயரும் தெற்கே நகர்ந்துவிட்டது. பழைய ஐந்தாம் வீதி இன்று மட்சுபரா தெரு. குறுகலான, வண்டி இரைச்சல் இல்லாத தெரு. மாலை நேரத்தில் நடந்தால் அந்த வேலி எங்கே இருந்திருக்கும் என்று கண் தேடிக்கொண்டே போகும்.

அவள் இறந்த பாழ் மாளிகைக்கும் இடம் சொல்கிறார்கள். முரசாகி ‘ஏதோ ஒரு மாளிகை’ என்றுதான் எழுதுகிறார். ஆனால் 9ஆம் நூற்றாண்டில் மினமோதோ நோ தோரு என்ற பிரபு ஆற்றங்கரையில் கட்டிய கவரா மாளிகைதான் மாதிரி என்பது பழைய உரைகாரர்கள் காலத்திலிருந்தே உள்ள கருத்து. தோரு இறந்தபின் அவருடைய ஆவி அங்கே வந்ததாக வேறு கதைகள் உண்டு. அதனால் அந்தக் கால வாசகருக்கு ‘பாழ் மாளிகை’ என்றதுமே கழுத்துப் பின்னால் சிலிர்த்திருக்கும். இப்போது கியாமாச்சித் தெரு ஓரம் ஒரு மரத்தடியில் ஒரு கல் மட்டும் நிற்கிறது.

அல்லி | புதன், மாலை 4.10

வழிப்போக்கன் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது தூறலின் முதல் கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் காட்சி நாவலில் இல்லை. ‘நோ’ என்ற ஜப்பானியப் பழைய முகமூடி நாடகத்தில் இருக்கிறது. ‘ஹஜிதொமி’ என்று ஒரு நாடகம். மேற்பாதியை மட்டும் வெளிப்பக்கம் தூக்கித் திறக்கும் பின்னல் கதவுக்கு அந்தப் பெயர். யூகாவோ வீட்டில் இருந்தது அப்படிப்பட்ட கதவு. கியோட்டோவின் முரசாகினோ பகுதியில் உன்ரின்-இன் கோயிலில் ஒரு துறவி, கோடை முழுக்க வழிபாட்டுக்குப் படைத்த பூக்களுக்கு நன்றிக்கடனாக ஒரு சடங்கு நடத்துகிறார். அங்கே ஒரு பெண் வெள்ளைப் பூ ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறாள். மற்ற எல்லாப் பூவையும்விட அது ஒளிர்கிறது. என்ன பூ என்கிறார் துறவி. மாலைமுகம் என்கிறாள். நீ யார் என்றால், ஐந்தாம் வீதிப் பக்கம் என்று சொல்லி, பூக்களின் நிழலுக்குள் மறைகிறாள். அவர் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார். நிலா வந்த பிறகு, கொடி மூடிய பின்னல் கதவு மெல்லத் தூக்கப்படுகிறது. அவள் வெளியே வருகிறாள். மேடையில் அந்தச் சின்ன வீட்டின் சட்டத்தில் பூவோடு சுரைக்காயும் தொங்கும், பச்சைக்கொடி அக்கா!

அதன்பின் அவள் எதைச் சொல்கிறாள் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்ட இடம். தன் சாவைப் பற்றிப் புலம்புவதில்லை. தலைமாட்டுப் பெண், அணைந்த விளக்கு எதுவும் கிடையாது. ‘ஒன்று பறித்து வா’ என்று அவன் சொன்ன மாலையை, பூ வைத்த விசிறியை நினைத்து ஆடுகிறாள். விடியுமுன் வெட்கத்தோடு கதவுக்குள் திரும்பிப் போகிறாள். எல்லாம் துறவியின் கனவு என்று முடிகிறது. இதே கதையில் ‘யூகாவோ’ என்று இன்னொரு நோ நாடகமும் உண்டு. அது பாழ் மாளிகையில் நடக்கும், சாவைப் பேசும். யோஷிதோஷியின் படத்தில் பயம் ஏன் இல்லை என்று கேட்டால், அவர் கண்முன் இருந்தது ஹஜிதொமியின் பெண் என்றுதான் எனக்குப் படுகிறது. நிலவு வரிசையிலேயே நோ நாடகத்திலிருந்து வந்த படங்கள் வேறும் உண்டு. கல்லறைப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும் கிழவி, பழங்காலப் பெண்கவிஞர் கொமாச்சி, அப்படி வந்தவள்தான்.

நோட்டுப்புத்தகம் | புதன், இரவு 8.25

நான் திங்கட்கிழமை எழுதியதைத் திருத்திக்கொள்ள வேண்டும். செத்தபின் அவள் வரும் இடம் அத்தியாயத்தில் ஒன்று உண்டு, கடைசிப் பகுதியில். ஹியெய் மலையில் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் இரவு, கென்ஜி கனவில் அதே மாளிகையைக் காண்கிறான். அவளும் இருக்கிறாள், தலைமாட்டில் வந்த அந்தப் பெண்ணும் இருக்கிறாள். இரண்டு மூன்று வரிதான். படிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும்.

தலைமாட்டில் வந்த அந்தப் பெண், கென்ஜியின் இன்னொரு காதலியான ரொகுஜோ சீமாட்டியின் ஆவி என்று பலர் உறுதியாக எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த அத்தியாயத்தில் முரசாகி அப்படிச் சொல்லவே இல்லை. கென்ஜி தானே யோசித்து, அந்தப் பாழிடத்தில் குடியிருந்த ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொள்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் ரொகுஜோவின் உயிருள்ள ஆவி கென்ஜியின் மனைவியைப் பிடிப்பதைப் படித்துவிட்டு, வாசகர்கள் பின்னோக்கிப் போய்ப் பழியை இங்கேயும் போட்டுவிட்டார்கள்.

ஆனாலும் என் அடிப்படைக் கேள்வி நிற்கிறது. அத்தியாயத்தின் பெயரை மாட்டிவிட்டு அத்தியாயத்தில் இல்லாததை வரைந்தால் அதை இலக்கியத்துக்கான படம் என்று சொல்லலாமா?

வழிப்போக்கன் | வியாழன், காலை 7.05

சொல்லலாம் என்பேன். அந்தக் காலத்து வாசகர் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துவிட்டுப் படம் வாங்கப் போகவில்லை. கென்ஜி கதை அவர்களிடம் விசிறியில், துணியில், சீட்டு விளையாட்டில், நாடகத்தில் எல்லாம் பரவிக் கிடந்தது. வாசனை விளையாட்டிலும்கூட. ஐந்து முறை தூபம் முகர்ந்து எது எதுவோடு ஒன்று என்று கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நின்ற கோடு, ஒரே மணமானவற்றை மேலே இணைத்துவிட்டால் ஒரு வடிவம். மொத்தம் 52 வடிவம் வரும். அவற்றுக்கு முதலும் கடைசியும் தவிர்த்த 52 அத்தியாயங்களின் பெயரை வைத்துவிட்டார்கள். கிமோனோவின் ஓரத்தில் அந்த ஐந்து கோட்டைப் பார்த்தாலே ‘ஓ, யூகாவோ’ என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

1829 தொடங்கி ரியுதேய் தனெஹிகோ எழுதிய ‘கிராமத்துக் கென்ஜி’ வேறு இருக்கிறது. கென்ஜியைத் தூக்கிப் பிற்காலத்துக்குக் கொண்டுவந்து நாயகனுக்குப் பெயரையே மாற்றிவிட்டார். குனிசதாவின் படங்களோடு வந்து பெரும் விற்பனை, 1842இல் அரசு தடுக்கும்வரை. அந்த வழியில் வந்த கென்ஜிப் படங்கள் எத்தனையோ. அதிலெல்லாம் மூலக்காட்சியைத் தேடினால் கிடைக்காது. பெயர் ஒரு சாவி. அதைக் கொடுத்தால் பார்ப்பவர் தனக்குத் தெரிந்த அறையைத் திறந்துகொள்வார்.

தூறல் | வெள்ளி, இரவு 11.40

மூன்று நாளாக எழுதவில்லை, அத்தியாயத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் சொன்னதைத் தலையில் வைத்துக்கொண்டு படித்தபோது, முன்பு இரண்டு முறையும் தாண்டிப்போன ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

பௌர்ணமி இரவு கழிந்து விடியும் நேரம். நிலா மறையத் தயங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தயக்கத்துக்கு மூலத்தில் உள்ள சொல் ‘இசயோ’ என்று அடிக்குறிப்பில் இருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் நிலா சற்றுத் தாமதமாக எழுவதால் பதினாறாம் நாள் நிலவின் பெயரும் அதே சொல்லிலிருந்துதான். எங்கே கூட்டிப்போகிறான் என்று தெரியாமல் யூகாவோவும் தயங்குகிறாள். ஒரே தயக்கத்தில் நிலவும் பெண்ணும். அவன் கேட்கவில்லை, வண்டியில் ஏற்றிவிடுகிறான். மாளிகை வாசலில் பனிமூட்டம். அவன் ஒரு கவிதை சொல்ல, அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பதில் சொல்கிறாள்:

மலைமுகட்டின் மனம் அறியாமலே
நகர்ந்து போகிற நிலா
நடுவானிலேயே
ஒளி அற்றுப் போகுமோ.

மலைமுகடு அவன். நிலா அவள். அன்று இரவே அது நடந்துவிடுகிறது.

விசிறிக் கவிதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதையே தேடிக்கொண்டிருந்தேன். அவள் தன்னை நிலவு என்று சொல்லிக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நூறு நிலவுகளை வரைய உட்கார்ந்த ஒருவர் இந்த அத்தியாயத்தை ஏன் எடுத்தார் என்பதற்கு எனக்கு இது போதும். அவள் ஒளி நடுவானில் அற்றுப்போகவில்லை என்று காட்ட நிலவை முழுசாக வைத்து, அவளைக் கரையவிட்டிருக்கிறார். இல்லை, தலைகீழாகவும் இருக்கலாம். நிலவு அவளாகிவிட்டதால்தான் கீழே நடக்கிற உருவத்துக்கு உடம்பு மிச்சமில்லை. எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நோட்டுப்புத்தகம், நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். காட்சி புத்தகத்தில் இல்லை, ஆனால் படத்துக்கு வேண்டிய மூன்றும், பூவும் நிலவும் கரைவதும், அவள் வாயிலிருந்தே வந்திருக்கின்றன.

நோட்டுப்புத்தகம் | சனி, காலை 6.55

ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கவிதையை நானும் தாண்டித்தான் போயிருக்கிறேன். கவிதை வந்தாலே கதை நின்றுவிடுகிறது என்று வேகமாகப் புரட்டும் கெட்ட பழக்கம். இதை எழுதிவிட்டு மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறேன். கவிதைகளை மட்டும் தனியே ஒரு நோட்டில் எழுதப் போகிறேன்.

அல்லி | சனி, காலை 10.20

இன்னொரு இடமும் பாருங்கள், தூறல். அவள் இறந்தபின் கென்ஜியின் ஆள் கொரெமிட்சு உடலைப் பாயில் சுற்றித் தூக்குகிறான். சின்ன உடம்பு, இறுக்கிச் சுற்ற மனம் வரவில்லை, அதனால் கூந்தல் வெளியே வழிந்துவிடுகிறது. கென்ஜிக்குக் கண் இருட்டிவிடுகிறது. படத்தில் அந்தக் கூந்தல் மட்டும் எவ்வளவு நீளமாக இறங்குகிறது என்று பார்த்தீர்களா?

மரச்செதுக்கு | ஞாயிறு, இரவு 8.30

இரண்டு நாளாக எனக்கும் கை அரிக்கிறது. அந்தப் படத்தை நகலெடுக்கப் போவதில்லை. ஒரு சுரை இலை, அதன்மேல் ஒரு துணியின் விளிம்பு, அவ்வளவுதான். இலை துணி வழியாகத் தெரிய வேண்டும். இன்று ஒரு சோதனை எடுத்தேன், வரவில்லை. துணியின் கோடு இன்னும் கனமாக நிற்கிறது, இலைக்கு முன்னால் வந்து மறைக்கிறது. கோட்டை மெலிதாக்கி வேறு கட்டை வெட்ட வேண்டும். இலை நரம்பும் எனக்குச் சரியாக வரவில்லை, படம் பார்த்து வெட்டுவதால் இருக்கும். இங்கே நகரத்தில் சுரைக்கொடி எங்கே தேடுவது?

பச்சைக்கொடி | ஞாயிறு, இரவு 9.15

தம்பி, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நாளைக் காலை மூன்று இலை பறித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, வியாழனுக்குள் கூரியரில் போட்டுவிடுகிறேன். ஒன்று இளசு, ஒன்று முற்றியது, ஒன்று பூச்சி கடித்தது. பூவை அனுப்ப முடியாது, வந்து சேருவதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விடும். சாயங்காலம் விரியும்போது படம் எடுத்து இந்த இழையிலேயே போடுகிறேன்.